ஏரி மீனுக்கும் விதை வேண்டும்

(விவசாயச் செயல்விளக்க உத்தியோகஸ்தர் ஒருவர் எழுதியது)

கீழணையின் மதகுகள் தூக்கப்பட்டு, வடவாற்றின் வழியாகப் புதுத் தண்ணீர் வீராணம் ஏரியை வந்தெட்டும் நாளில், ஏரியின் தலைப்பில் இரண்டு வகை ஜனங்கள் நிற்கக் காணலாம். ஒரு வகையார் சம்பா நாற்றங்காலுக்கு நாள் பார்த்திருக்கும் குடியானவர்கள். அவர்களுடைய கண்கள் தண்ணீரின் மட்டத்தையே அளந்துகொண்டிருக்கும். மற்றொரு வகையார் பறியும் வீச்சுவலையும் கையில் கொண்டவர்கள். அவர்களுடைய கண்கள் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறும் மீன்களின்மேல் இருக்கும். முன்னவர் பின்னவரைச் சிறிதும் பொருட்படுத்துவதில்லை. மீன் என்பது பிடிப்பவன் காரியம், தண்ணீர் என்பது பயிரிடுபவன் காரியம் என்று அவர்கள் மனத்தில் ஒரு பாகப்பிரிவினை என்றோ நடந்து முடிந்திருக்கிறது. நம் பக்கத்து ஏரி குளங்களில் மீன் குன்றி வருவதற்கு இந்தப் பாகப்பிரிவினையே பெரிய காரணம் என்பது, இப்பாசனப் பிரதேசத்து வரப்புகளில் பல வருஷம் நடந்தவனாகிய எனது அபிப்பிராயம்.

வீராணத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வீரநாராயணன் பெயரால் அமைந்த அந்த ஏரி, 47.5 அடி முழு மட்டமும் 1,465 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. ஏறக்குறைய 45,000 ஏக்கர் நிலம் அதை நம்பியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்துக் குடிநீரும் அதை நம்பியிருக்கிறது. கொள்ளிடத்துத் தண்ணீர், 1836-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே வருகிறது. மழைக்காலத்தில் மேற்கேயிருந்து செங்கால் ஓடையும், பெயரிலேயே மீன் வாடை வீசும் கருவாட்டு ஓடையும் வந்து சேருகின்றன. மிகுந்த தண்ணீர் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையிலும், சேத்தியாத்தோப்புப் பக்கமாக வெள்ளாற்றிலும் வடிகிறது. நாம் ஏரியைத் தண்ணீர்த் தொட்டியாகவே காண்கிறோம். மீனுக்கோ அது வரும் வழியும் போகும் வழியும் உடைய ஒரு பெரிய ஊர். அவ்வழிகளில் எந்த வாசலை எந்த மாதத்தில் அடைத்தாலும் ஊர் பாழாகும்.

விதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஏரிகளில் வாழும் மீன்களை விவசாயி கண்ணோடு பார்த்தால் அவை இரண்டு விதம். விரால், குரவை, கெளுத்தி, சிறு கெண்டை வகைகள் ஆகியன நிலைத்த தண்ணீரிலும் வாய்க்கால்களிலும் தாமே இனம் பெருக்குவன. இவை நாமே களத்தில் எடுத்துவைக்கும் விதைநெல்லைப் போன்றவை. தாயை விட்டுவைத்தால் அடுத்த போகத்துக்கு விதை உண்டு. கட்லா, ரோகு, மிருகால் என்னும் பெருங்கெண்டைகள் வேறு மாதிரி. இவை வடநாட்டுப் பெருநதிகளின் வெள்ளத்தில் முட்டையிட்டுப் பழகியவை. தேங்கிய ஏரியில் எவ்வளவு கொழுத்தாலும் முட்டையிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, இவ்வினங்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதற்கு முன்பு ஆற்று வெள்ளத்தில் அள்ளிய குஞ்சுகளே கிடைத்தன; அவற்றில் வேண்டாத இனங்களும் கலந்திருக்கும். இப்பொழுது மீன்பண்ணைகளில் சுத்தமான குஞ்சு விலைக்குக் கிடைக்கிறது. ஆகவே பெருங்கெண்டை, வருஷந்தோறும் வாங்கி விதைக்க வேண்டிய விதை. சொந்த விதையைத் தின்றுவிட்டு, வாங்க வேண்டிய விதையையும் வாங்காமல், அறுவடைக்கு மட்டும் ஆள் அனுப்பும் குடியானவனை ஊர் என்ன சொல்லும்? ஏரி விஷயத்தில் அதைத்தான் நாம் அனைவரும் செய்துகொண்டிருக்கிறோம்.

சொந்த விதை அழிவது பெரும்பாலும் கோடையில். 2023-ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டும், இருப்புக் குறைவால் அக்டோபர் 10-ஆம் தேதியே மூடப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீராணம் வறண்டது. மறுபடி மேட்டூர் திறக்கப்பட்டது ஜூலை 28-இல். இப்படிப்பட்ட வருஷங்களில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழ்த் தங்கும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரே ஏரியின் குதிர். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் அம்மடுக்களில் நெருங்குகின்றன. அப்பொழுது அவற்றை அள்ளுவதற்குச் சாமர்த்தியம் ஏதும் வேண்டியதில்லை. முதலில் மாய்வது கெண்டை வகை. விராலும் குரவையும் கெளிறும் வெளிக்காற்றையும் சுவாசிக்க வல்லவை. சேற்றினுள் புதைந்துகூடச் சில காலம் உயிர் தரிக்கும். ஆனால் அந்தச் சேற்றையும் காலால் துழாவி, கடைசி மீன் வரையில் எடுத்துவிட்டால், அடுத்த தண்ணீருக்கு ஏரியில் மிஞ்சுவது தவளைதான்.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடப்பதை அறிவீர்கள். ஊர்ப்பெரியவர் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் கொண்டு ஆயிரம் பேர் ஒருமிக்க இறங்குவார்கள். அதை நான் குறை கூறேன். அக்கண்மாய்கள் எப்படியும் பத்து நாளில் வறளப் போகின்றவை. மீனும் ஏழை பணக்காரன் என்னாமல் எல்லார் வீட்டுக்கும் போகிறது. ஆனால் வறளாத மடு உள்ள ஏரியில் அதே வேலையைச் செய்வது வேறு விஷயம்.

ஆகையால் ஒவ்வோர் ஏரியிலும் ஒரு மடுவைக் காப்பு மடுவாக ஒதுக்கிவிட வேண்டும் என்பது எனது முதல் யோசனை. மடு இல்லாத ஏரியில் அதை உண்டாக்கலாம். விவசாய நிலத்துக்கு ஏரி வண்டல் எடுக்க அரசாங்கம் அனுமதி தருகிறது. நம் மிராசுதார்கள் வருஷந்தோறும் வண்டி வண்டியாக எடுக்கிறார்கள். அந்த வண்டலைக் கண்ட கண்ட இடங்களில் சுரண்டாமல், அனுமதித்த எல்லைக்குள்ளும் ஆழத்துக்குள்ளும் ஒரே இடத்தில் எடுத்தால், மண் எடுத்த கூலியிலேயே ஒரு மீன் மடு கிடைத்துவிடும். அரை ஏக்கர் பரப்பு, மதகின் அடிமட்டத்துக்கு ஓர் ஆள் ஆழம் கீழே இருந்தால் நலம். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கரையின் அடிவாரத்தை நெருங்கித் தோண்டலாகாது. மீனுக்காகக் கரையைப் பலவீனப்படுத்தியவன் என்று பெயர் எடுக்க நான் விரும்பவில்லை.

கோடைக்கு அடுத்த அபாயம் முதல் தண்ணீர். புது வெள்ளம் வந்ததும் மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவது அதன் சுபாவம். ஏறுகிறவற்றுள் வயிறு நிறைய முட்டை கொண்ட தாய் மீன்களே மிகுதி. வாய்க்காலின் குறுகிய இடத்தில் இரு கரையும் சேர மூங்கில் தட்டியும் பறியும் வைத்து அடைத்தால் ஒரே இரவில் கூடை கூடையாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு கூடையில் கார்த்திகை மாதத்து நூறு கூடை அடங்கியிருக்கிறது. அன்றியும், அந்தத் தட்டிகளால் நமக்கே நேரும் நஷ்டத்தைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டும். செத்தையும் ஆகாயத்தாமரையும் தட்டியில் அடைந்து தண்ணீர் மேலே ஏறுகிறது. வாய்க்கால் கரை அரிக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் இரண்டு நாள் தாமதிக்கிறது. கடைமடைக்காரர் தலைமடைக்காரரைத் திட்டுவார். தலைமடைக்காரர் தண்ணீர் விடுகிறவரைத் திட்டுவார். நடு வழியில் இருக்கும் மூங்கில் தட்டியை யாரும் திட்டுவதில்லை! தண்ணீர் வந்த முதல் இரண்டு வாரம் வாய்க்கால், மதகு, கலங்கல் ஆகிய மூன்றிலும் பறி வைக்கலாகாது என்று ஊர்க்கட்டுப்பாடு செய்தால், மீனுக்கும் பயிருக்கும் ஒருங்கே நன்மை.

விராலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. இது நம் ஏரி மீன்களில் அருமையானது, விலையும் அதிகம். ஜோடியாகச் சேர்ந்து, ஓரத்துப் புல் செடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை தண்ணீரில் மிதக்கும்; ஓரிரு நாளில் பொரிந்து, செங்காவி நிறத்துக் குஞ்சுகள் பந்து போல் திரண்டு திரியும். தாயும் தந்தையும் ஏறக்குறைய ஒரு மாத காலம் அப்பந்தின் கீழே காவல் செய்யும். குஞ்சுகள் மூச்சுக்காக அடிக்கடி மேலே வருவதால் அவ்விடத்தில் தண்ணீர் மழைத்துளி விழுந்தாற் போலக் கொதிக்கும். தூண்டில்காரன் அதைப் பார்த்ததும் தவளைக் குஞ்சைக் கோத்து அங்கேயே போடுவான். காவலிருக்கும் மீன் பசியினால் அன்று, கோபத்தினால் கவ்வும். ஒரு கிலோ மீன் கிடைத்தது என்று அவன் வீட்டுக்குப் போவதற்குள், காவலற்ற குஞ்சுகளைக் கெளிறும் கொக்கும் பங்கிட்டுக் கொள்ளும். இதைப் பல பிள்ளைகள் அறியாமல் செய்கிறார்கள். சொன்னால் கேட்பவர்களும் உண்டு என்பதை நான் கண்டிருக்கிறேன்.

வலையின் விஷயத்தில் எனது கருத்து கண்டிப்பானது. பிடிபட்ட மீனில் பாதி விரல் நீளம்கூட இல்லாதிருக்கும்படி செய்கிற வலை, மீன் பிடிக்கும் கருவியே அன்று. கொசுவலைத் துணியைக் கழியில் கட்டி இழுக்கும் வழக்கம் சில ஊர்களில் புகுந்திருக்கிறது. அப்படி இழுத்ததைக் கரையில் கொட்டிப் பார்த்தால், கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் அயிரையோடு கலந்து கிடக்கும். கிலோக் கணக்கில் விற்றாலும் கூலிக்குக் காணாது. அதே குஞ்சு நல்ல ஏரியில் ஓராண்டு கழித்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். நான்கு விரல் தாராளமாக நுழையும் கண்ணுள்ள வலையைத் தவிர வேறு வலை பெருங்கெண்டை விட்ட ஏரியில் இறங்கலாகாது. அயிரை பிடித்துப் பிழைப்பவர்களுக்கு வாய்க்கால்களும் வடிகால்களும், முதல் இரண்டு வாரம் கழிந்த பின், இருக்கின்றன. வெடியும் விஷமும் பற்றி நான் எழுதவும் கூசுகிறேன். 1897-ஆம் ஆண்டுச் சட்டமே அவற்றைக் குற்றமாக்கியது. குடிநீர் எடுக்கும் ஏரியில் அது மீன் குற்றத்தோடு நிற்பதில்லை.

இனி என் சொந்தத் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த சில வருஷங்களில், ஒரு கிராமத்தார் தங்கள் ஊர்க் குளத்தில் விடுவதற்காக மீன் குஞ்சு கேட்டார்கள். எனக்குப் பயிர்த் தொழிலில்தான் டிப்ளோமா. மீனை நான் புஸ்தகத்தில் படித்தவன். விலை மலிவாக இருக்கிறதென்று சீரகம் போன்ற நுண்குஞ்சுகளைப் பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து வரவழைத்து, நடுப்பகலில் கொண்டுபோய் நேரே குளத்தில் கொட்டச் செய்தேன். தை மாதம் வலை போட்டார்கள். கொழுத்த விராலும் வாளையும் கிடைத்தன. கட்லா இரண்டே இரண்டு. ஊர்ப்பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “ஐயா, நாங்கள் பணம் கொடுத்து விராலுக்குத் தீனி வாங்கினோம்” என்றார். அவர் சொன்னது முற்றும் சரி. நாற்றங்காலில் வளர்க்காத விதையை நேரே நடவு வயலில் எறிந்து களையோடு போட்டியிடச் சொன்னவன் நான்.

அதன் பின்பு நான் கற்றுக்கொண்டது இது. நுண்குஞ்சை ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சிறு குட்டையில், வேற்று மீனை முற்றும் நீக்கி, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டு இரண்டு மூன்று மாதம் வளர்த்து, நான்கு அங்குலம் ஆன பின்பே ஏரியில் விட வேண்டும். பையைப் பிரிப்பதற்கு முன் கால்மணி நேரம் ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளும் புறமும் சூடு சமமான பிறகு, பைக்குள் சிறிது சிறிதாக ஏரித் தண்ணீரைச் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளிவரும்படி செய்ய வேண்டும். காலையோ மாலையோ விடலாம். உச்சி வெயிலில் கூடாது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால் மூன்றையும் கலந்து விட்டால் ஒன்றின் இரைக்கு மற்றொன்று போட்டியில்லை. கலப்புப் பயிர் சாகுபடி செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தூண்டில் போடும் ஆசையுள்ள வாசகர்கள் சிலர், ஏரியில் எந்த இடம், எந்த நேரம் நல்லது என்று என்னைக் கேட்பதுண்டு. மீன்பாசி உரிமை பெற்றவரிடமோ, மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுத் தண்ணீர் கலங்கலாக இருக்கும்வரை கெண்டைக்குப் போடுவது வீண் வேலை. அக்காலத்தில் மோப்பத்தால் இரை தேடும் கெளுத்தியே அகப்படும். மண்புழு அதற்குப் போதும். தண்ணீர் தெளிந்த பின், தவிடும் வறுத்த கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைக்குக் கெண்டை வரும். ஆடியில் மேல்காற்று வீசும்போது மேல்மட்டத்து நுண்ணுயிர்கள் கிழக்குக் கரைக்கு ஒதுக்கப்படுகின்றன. வீராணத்தின் பெருங்கரை கிழக்கே இருப்பதால், அலை மோதும் அக்கரைக் கற்களின் ஓரத்தில் மீன் கூடும். அலை இல்லாத இடம் சுகமாக இருக்கிறது என்று மேற்கே போய் உட்காருகிறவர் சுகத்தோடு வீடு திரும்புவார். கோடையில் விடியற்காலமும் அந்தி நேரமுமே நல்லவை. வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். மதகின்மேல் நின்று தூண்டில் போடும் வழக்கம் ஆபத்தானது. மதகடியில் தண்ணீர் இழுக்கும் வேகம் மேலே தெரியாது. நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே தப்புவது அரிது.

விடியற்காலத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைக் கண்டால், “இன்று நல்ல வேட்டை” என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது வேட்டைக்கு அடையாளம் அன்று, ஆபத்துக்கு அடையாளம். பாசியும் நீர்ச்செடியும் பகலில் பிராணவாயுவைத் தண்ணீரில் விடுகின்றன; இரவில் அவையும் அதைச் செலவழிக்கின்றன. மேகமூட்டமும் காற்றின்மையும் சேர்ந்த நாளுக்கு மறுநாள் விடிவதற்குச் சற்று முன் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். சிறு குளமாயின் அப்பொழுது புதுத் தண்ணீர் விடுவதோ, தண்ணீரை இறைத்து உயரத்திலிருந்து அதிலேயே கொட்டுவதோ மீனைக் காப்பாற்றும். சாணத்தையும் எருவையும் மிகுதியாகக் கொட்டிய குளங்களில் இது அடிக்கடி நேரும். எரு நல்லது என்று சொல்லும் உத்தியோகத்திலிருந்துகொண்டே நான் இதைச் சொல்கிறேன்.

பூச்சி மருந்தைப் பற்றி நம் குடியானவர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும். மேற்கே மேட்டு நிலங்களில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளிக்கும் மருந்து, முதல் கனமழையில் ஓடைகளின் வழியே ஏரிக்குள் வருகிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரத்திராய்டு மருந்துகளை மனிதனுக்கு அபாயம் குறைந்தவை என்று கடைக்காரர் விற்கிறார். மீனுக்கு அவை கொடிய விஷம். மிகச் சிறிய அளவே போதும். எண்டோசல்பானை 2011-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தடுத்துவிட்டதனால் மற்றவை யாவும் சாது என்று எண்ணிவிடலாகாது. தெளிப்பானை ஓடையில் கழுவுவதும், காலி டப்பாவை வாய்க்காலில் எறிவதும் நம் கண்முன் நடக்கின்றன. வரப்பின் ஓரமாக ஒரு குழி வெட்டி, கழுவிய தண்ணீரை அதில் விடுவதற்குக் கால்மணி நேரம் போதும். மழை வரும் குறி தெரிந்த நாளில் தெளிக்காமல் இருப்பது மருந்துச் செலவையும் மிச்சப்படுத்தும். மீன் இறந்து மிதந்த பிறகு மீன்காரன்மேல் சந்தேகப்படுவதைவிட, நம் தெளிப்பான் எங்கே கழுவப்பட்டது என்று விசாரிப்பது நியாயம்.

அந்நிய மீன்கள் வேறு. ஜிலேபி என்று நாம் அழைக்கும் திலாப்பியா 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதாலும், வருஷத்தில் பல தடவை பெருகுவதாலும், ஓர் ஏரியில் புகுந்தால் எண்ணிக்கை மிகுந்து உடல் சிறுத்துவிடுகிறது. அதை இனி ஒழிக்க முடியாது. பிடித்துத் தின்பதே வழி, அதற்குச் சிறு மீன் பெரு மீன் என்ற தயவு வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் கெளிறு அதனினும் கெடுதியானது; அகப்பட்ட உயிரையெல்லாம் தின்னும். அரசாங்கம் அதன் வளர்ப்பைத் தடை செய்திருக்கிறது. சீக்கிரம் எடை போடுகிறது என்று சொல்லி அதன் குஞ்சைக் கொண்டுவந்து கொடுப்பவனைக் கிராம அதிகாரிகள் மரியாதையாகவே திருப்பி அனுப்பலாம், ஆனால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் மீன்பாசிக் குத்தகையின் ஷரத்துக்களில் ஏறாவிட்டால் பேச்சோடு போகும். ஊராட்சிக் குளங்களைப் பசலிக் கணக்கில் ஓராண்டுக்கு ஏலம் விடும் ஊர்களில் நடப்பதைக் கவனியுங்கள். பசலி ஜூலை 1-ஆம் தேதி பிறக்கிறது. அன்று குளத்தில் தண்ணீர் இல்லை. ஐப்பசியில் குளம் நிறைகிறது; அப்பொழுது குஞ்சு விட்டால், அது ஒரு கிலோ ஆவதற்கு அடுத்த ஐப்பசி வர வேண்டும். ஆனால் குத்தகை ஜூன் 30-ஆம் தேதியோடு தீருகிறது. ஆகையால் குத்தகைக்காரன் குஞ்சு விடுவது அடுத்தவனுக்காக. விட்டாலும் முற்றாத மீனையே அள்ள வேண்டியவன். காப்பு மடுவில் மீனை விட்டுவைத்தால் அதுவும் அடுத்தவனுக்கே. அவனைப் பேராசைக்காரன் என்று ஏசுவதில் நியாயம் இல்லை. அப்படித்தான் செய் என்று ஏலப் பத்திரமே அவனுக்குச் சொல்லுகிறது. ஒரு போகத்துக்கு மட்டும் வாரத்துக்கு விட்ட நிலத்தில் எந்த வாரக்காரன் எரு அடிப்பான்?

எனவே குத்தகை மூன்று வருஷத்துக்குக் குறையலாகாது. ஐந்து வருஷமானால் இன்னும் நல்லது. இதற்கு இரண்டு ஆட்சேபணைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஊராட்சிக்கு வருஷந்தோறும் ரொக்கம் வேண்டும் என்பது. குத்தகைப் பணத்தை வருஷத் தவணையாக வாங்கினால் இது தீரும். மற்றொன்று கனமானது. நீண்ட காலக் குத்தகை பெற்றவன் நாளடைவில் தண்ணீருக்கே சொந்தம் கொண்டாடுவான். பயிர் காயும்போது மீன் சாகும் என்று மதகைத் திறக்கவிடமாட்டான். அல்லது மீன் பிடிக்க வசதியாக இரவில் மதகைத் திறந்துவிடுவான் என்று குடியானவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் வீண் அச்சம் அன்று. இரண்டும் நடந்த குளங்களை நான் அறிவேன். பாசனத்துக்கே முதல் உரிமை, மதகின் சாவி குத்தகைக்காரன் கைக்கு எக்காலத்தும் போகலாகாது, மதகில் கை வைத்தால் குத்தகை ரத்து என்று எழுதி, அதை ஒரு தடவையாவது நடத்திக் காட்டினால் பயம் நீங்கும். அடிமட்டத்துக்குக் கீழே உள்ள மடுத் தண்ணீர் மதகு வழியே வெளியேறாது. அதைப் பம்பு வைத்து இறைத்துக் கோடைப் பயிர் செய்ய வேண்டாம் என்று மட்டும் குடியானவர்களை நான் கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஏக்கர் எள்ளுக்காக ஓர் ஏரியின் விதையைக் கொடுப்பது கணக்குக்கு ஒவ்வாது.

குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை அந்த ஏரியின் மதகுப் பலகைக்கும் வாய்க்கால் தூர் எடுப்பதற்கும் என்று ஊராட்சித் தீர்மானத்தில் எழுதிவைத்தால், மீனை இதுவரை ஏறிட்டுப் பாராத மிராசுதார்களும் வலையின் கண் எத்தனை விரல் என்று எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் காவற்காரன் வேண்டியதில்லை. அதிக ஏலம் கேட்டவனுக்கே குத்தகை என்ற ஒரே அளவுகோலையும் கொஞ்சம் தளர்த்தி, சென்ற வருஷங்களில் எத்தனை குஞ்சு விட்டான், எங்கே வளர்த்தான் என்று கேட்டுப் பார்க்கலாம். குஞ்சு விடும் நாளில் கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சி உறுப்பினரோ கரையில் நின்று ஒரு பையையாவது எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எண்ணாமல் கையெழுத்திட்ட ரசீதுகளை நான் பார்த்ததுண்டு. அந்தக் குஞ்சுகளை எந்த வலையும் பிடித்ததில்லை.

பெருங்கெண்டைக் குஞ்சு வேண்டுவோர் ஆனி மாதத்துக்குள்ளாகவே மீன்பண்ணைக்கு எழுதி, எந்த இனம் எத்தனை என்று குறித்துவிட வேண்டும். ஆடியில் நுண்குஞ்சை வாங்கிக் குட்டையில் வளர்த்தால், ஐப்பசியில் ஏரி நிறையும் சமயம் நான்கு அங்குலக் குஞ்சு கையில் இருக்கும். அப்படி வளர்க்க வசதியுள்ள குட்டை தங்கள் நிலத்தில் உடையவர்கள், பக்கத்து ஊர்களுக்கும் விரற்குஞ்சு விற்று நல்ல வருமானம் பெறலாம். ஐப்பசியில் மழை பிடித்த பிறகு கேட்டால் கிடைப்பது சீரகக் குஞ்சுதான். அதை விரால் தின்னும்.